நரிக்குத் தைத்த துணி

மாக்கிறட் அக்காவிடம் தைக்கக் கொடுத்த துணியில் மிச்சம் என்று ஒன்று எவருக்கும் திரும்பி வந்தது கிடையாது. இரண்டு கெஜம் கொடுத்தாலும் ஒரு சட்டைதான், இரண்டரைக் கெஜம் கொடுத்தாலும் ஒரு சட்டைதான். துணி மட்டுமட்டாய்ப் போய்விட்டது என்று முகத்தைப் பார்த்துச் சொல்லுவார். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு, படலையைத் தாண்டியதும் தங்களுக்குள் சிரிப்பார்கள். வேறு தையற்காரி ஊரில் இல்லை. தைப்பும் நல்ல தைப்பு. தோளில் சுருக்கம் விழாது, காலர் ஐந்து வருசம் நிமிர்ந்து நிற்கும். ஆகவே அந்தப் பொய்யை ஊர் பொறுத்துக்கொண்டது.

எங்கள் ஊர் தாழ்வுபாட்டுக்குப் பக்கத்தில், கடற்கரையோடு ஒட்டிக்கிடக்கிற சின்ன ஊர். அக்காவுக்குப் பிறவியிலேயே இடது கால் கொஞ்சம் கட்டை. மெசினின் மிதியை வலது காலால் மட்டும் மிதிப்பார். பட்டினத்துக் கன்னியர் மடத்தில் ஆறு வருசம் தையல் பழகி, வெளிக்கிடும்போது அவர்கள் கொடுத்த பழைய மெசினோடு வந்தவர். பெண் கேட்டு வந்த மூன்று பேரையும் வேண்டாம் என்றார். ஏனென்று கேட்டவர்களுக்கு, அளவு சரிவரவில்லை என்று சொன்னார். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

வெட்டி மிஞ்சிய துண்டுகளை அவர் விற்றதும் இல்லை, உடுத்ததும் இல்லை. கட்டிலுக்குக் கீழே ஒரு சாக்கில் நிறம் நிறமாக மடித்துச் சேர்த்து வைத்தார். எதற்கென்று அவருக்கே தெரிந்திருக்காது. சிலர் முத்திரை சேர்ப்பார்கள், இவர் துணி சேர்த்தார். இந்தச் சாக்கு வெளியே வராமலே இருந்திருந்தால் நானும் இதை எழுதவேண்டி வந்திருக்காது.

அறுபத்தைந்தாம் ஆண்டுத் தேர்தல் முடிந்து மூன்றாம் மாசம் அந்தோனியார் திருநாள் வந்தது. தேர்தல் காலத்தில் எங்கள் மணலில் ஜீப்புகள் புதைந்து நின்றபோது தள்ளிவிட்டவர்கள் நாங்கள்தான். வந்தவர்கள் துறைமேடை தருகிறோம் என்றார்கள், தண்ணீர்க்குழாய் தருகிறோம் என்றார்கள், இனிப் பிறக்கப்போகிற எங்கள் பேரப்பிள்ளைகளுக்கும் எதையெதையோ தருகிறோம் என்றார்கள். தேர்தல் முடிந்த பிறகு ஒருவரையும் காணவில்லை. அந்த எரிச்சலில் எங்கள் பள்ளிக்கூடத்துப் பஸ்ரியன் வாத்தியார் திருநாளுக்கு ஒரு நாடகம் எழுதினார்.

ஆட்களைப் போட்டு எழுத அவருக்குப் பயம். அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவர். யாராவது ஒருவர் மேலிடத்துக்குக் குறை சொல்லி ஒரு பெட்டிசம் எழுதினால் போதும், பெண்சாதி பிள்ளைகளோடு எந்த மூலைக்கு மாற்றுவார்களோ தெரியாது. ஆகவே மிருகங்களைப் பிடித்தார். நரிக்காகவும் கழுதைக்காகவும் பெட்டிசம் எழுத ஆள் வராது என்று நினைத்தார்.

நாடகத்தில் ஒரு நரி, ஒரு கழுதை, ஒரு காகம், ஐந்து ஆடுகள். சிங்கத்தையும் புலியையும் அவர் சேர்க்கவில்லை. பிறகு வந்த காலத்தில் அந்த இரண்டு பெயரையும் தூக்கிப்பிடித்து மனிதர்கள் செய்தவை எல்லாருக்கும் தெரியும். காட்டில் கிடந்த மிருகங்களுக்கு அதில் ஒரு சம்பந்தமும் இல்லை, பாவம்.

கதை இதுதான். மழை இல்லாத காட்டில் புல்லைப் பங்கிட ஆடுகள் ஒரு நரியைத் தெரிவு செய்கின்றன. நரி பாதிப் புல்லைக் குகையில் வைத்துப் பூட்டிவிட்டு, இது பிறக்கப்போகிற குட்டிகளுக்கு என்கிறது. கழுதை ஒன்றும் விளங்காமல் தலைமை தாங்குகிறது. காகம் அங்குமிங்கும் செய்தி காவுகிறது. நரி ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, ஆடுகள் முன்னங்காலைத் தூக்கிச் சம்மதமாக "ஓம், ஓம்" என்கின்றன. நான் இரண்டாவது ஆடு. அப்போது எனக்கு இருபத்து நாலு வயது, மாமாவின் வள்ளத்தில் தொழிலுக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். என்னுடைய மொத்த வசனமும் அந்த ஓம்தான். அதை இரண்டு கிழமை பழகினேன்.

உடுப்புத் தைக்கும் வேலை மாக்கிறட் அக்காவிடம் போனது. துணி வாங்கக் கோயிலில் வழியில்லை என்று பங்குச் சுவாமியார் கையை விரித்தார். அக்கா வீட்டுக்குப் போய்க் கட்டிலுக்குக் கீழே கையை விட்டார். நரியின் முகத்துக்கும் வாலுக்கும் செம்மண் நிறத்தில் கறுப்புக் கோடு போட்ட ஒரு பொப்பிளின் துண்டு அகப்பட்டது. கழுதைக்குச் சாம்பல் நிறத்தில் கோட் தைக்கிற துணி. காகத்துக்கு நல்ல கறுப்பு. ஐந்து ஆடுகளுக்கு மட்டும் போதுமான வெள்ளைத் துணி சாக்கில் இருக்கவில்லை. கோதுமை மா வருகிற துணிப் பைகளைச் சேர்த்து, அவித்துத் துவைத்து, நீல எழுத்து உள்பக்கம் போகும்படி திருப்பித் தைத்தார். எங்களைப் பார்த்தால் ஆடு என்று எவரும் சொல்லும்படிதான் இருந்தது.

பின்னேரம் நாலு மணிக்கு, கோயில் வளவில் நாடகம். சனம் நிறைந்துவிட்டது. மூன்றாம் வரிசையில் கொன்ஸ்ரன்ரைன் அண்ணர் இருந்தார். எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்தின் காரியதரிசி. நாற்பது வயது, மெலிந்த ஆள், எழுத்து மணி மணியாக இருக்கும். சிரிக்கத் தெரியாது. அவர்மேல் சொல்லக்கூடிய குறை அது ஒன்றுதான். திருநாளுக்கென்று, போன நத்தார்ப் பண்டிகைக்கு அக்காவிடம் தைத்த சேட்டு ஒன்றை எடுத்துப் போட்டிருந்தார். செம்மண் நிறம், கறுப்புக் கோடு.

திருநாளுக்குத் துணிக்கடை போட்டிருந்தார் சிலாவத்துறைச் சாஹுல் ஹமீட் நானா. மாசம் இரண்டு தடவை துணிப் பொட்டளியோடு எங்கள் ஊருக்கு வருகிறவர். விற்ற துணியை எங்கே கண்டாலும் மறக்கமாட்டார். நரி மேடைக்கு வந்ததும் அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

"அந்த நரி போட்டிருக்கிறது என்ட துணி. ஒரேயொரு சேட்டுக்குத்தான் இருந்திச்சுது, காரியதரிசிக்குக் குடுத்தனான். பாருங்கோ, எவ்வளவு தூரத்தில நிண்டாலும் எடுப்பாத் தெரியுது."

வியாபாரி தன் சரக்கைப் புகழ்ந்தார், அவ்வளவுதான். ஆனால் பக்கத்தில் நின்றவர்கள் நரியைப் பார்த்தார்கள், பிறகு மூன்றாம் வரிசையைப் பார்த்தார்கள். சிரிப்பு அங்கிருந்து கிளம்பி முன்வரிசைவரை போனது. மேடையில் நின்ற எங்களுக்கு நடிப்புக்குக் கிடைத்த சிரிப்பென்று நினைப்பு. இன்னும் பலமாக ஓம் போட்டோம்.

அந்த மாசந்தான் சங்கத்துக்குப் பன்னிரண்டு நைலோன் வலை வந்திருந்தது. ஒன்பதைக் கொன்ஸ்ரன்ரைன் அண்ணர் பங்கிட்டுவிட்டு, மூன்றைக் களஞ்சியத்தில் வைத்துப் பூட்டியிருந்தார். மூன்று குடும்பங்கள் முல்லைத்தீவுப் பக்கம் கடற்கரையில் வாடி போட்டுத் தங்கித் தொழிலுக்குப் போயிருந்தன, அவர்கள் வந்ததும் கொடுப்பதற்கு. நாடகத்துக்கு முதல் நாள்வரை இதில் எவரும் ஒரு பிழையும் காணவில்லை. நாடகம் முடிந்து வீட்டுக்குப் போவதற்குள் ஊருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. குகைக்குள் பூட்டிய புல் எது, பிறக்கப்போகிற குட்டி எது, நரி யார். வாத்தியார் படித்த மனுசன், சும்மா எழுதுவாரா என்று கேட்டார்கள்.

ஒரு கிழமையில் சங்கத்தின் பொதுக்கூட்டம். தலைவர் அருளப்பு சம்மாட்டி வலை விசயத்தை எடுத்தார். கொன்ஸ்ரன்ரைன் அண்ணர் களஞ்சியத்தைத் திறந்து காட்டினார். மூன்று வலையும் கட்டுக் குலையாமல் இருந்தன, ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பத்தின் பெயர் எழுதிக் கட்டியிருந்தது. கண்ணால் பார்த்தோம். பார்த்துவிட்டும் ஒருவன், நரியும் இதைத்தானே சொன்னது என்றான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அதற்குப் பிறகு எந்த மனுசன் எதைக் காட்டித் தப்ப முடியும்?

காரியதரிசியை நீக்க விரும்புகிறவர்கள் கையைத் தூக்கும்படி தலைவர் சொன்னார். கைகளை எண்ணிக் கூட்டக் குறிப்பில் எழுதவேண்டியது காரியதரிசியின் வேலை. கொன்ஸ்ரன்ரைன் அண்ணர் எழுந்து நின்று, பேனை முனையால் ஒவ்வொரு கையாகக் காட்டி எண்ணினார். பேனை என் கைக்கு நேரே வந்தபோது ஒரு கணம் நின்றது, பிறகு அடுத்த கைக்குப் போனது. ஓம், நானும் தூக்கியிருந்தேன். பக்கத்தில் இருந்தவன் தூக்கினான், நான் தூக்கினேன். வேறு காரணம் இன்றுவரை தேடியும் கிடைக்கவில்லை. முப்பத்தொன்று என்று எழுதி, கையெழுத்து வைத்து, களஞ்சியத்துத் திறப்புக் கோர்வையை மேசையில் வைத்துவிட்டு அவர் வீட்டுக்குப் போனார்.

மாக்கிறட் அக்காவுக்கு இது அடுத்த நாள் தண்ணீர் அள்ளும் இடத்தில் தெரியவந்தது. நாடகத்தன்று அவர் திரைக்குப் பின்னால் நின்றவர், சனம் ஏன் சிரித்தது என்பதே அவருக்குத் தெரியாது. நேராக வாத்தியார் வீட்டுக்குப் போனார். நான் அங்கே வேலிக் கதியால் நட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் யாரை நினைத்து எழுதினீர்கள் என்பதைச் சங்கத்தில் வந்து சொல்லுங்கள், அந்த மனுசனுடைய பெயர் தப்பும் என்று அக்கா கேட்டார். வாத்தியார் கதிரையில் இருந்தபடி பத்திரிகையை மடித்தார், விரித்தார். தான் எவரையும் நினைக்கவில்லை, அது வெறும் மிருகக் கதை என்றார்.

"அப்ப நரி ஆரெண்டு ஊருக்கே தெரியும், எழுதின உங்களுக்கு மட்டும் தெரியாதோ வாத்தியார்?"

 அவர் தனக்கு மூன்று பிள்ளைகள் என்றார். அதுவும் உண்மைதான். ஆளுக்குப் பதிலாக நரியை நிறுத்தினால் தான் தப்பலாம் என்று நினைத்தவர், நரிக்குப் பதிலாக இன்னொருவர் மாட்டுப்பட்டபோது வாயைத் திறக்க முடியாமல் இருந்தார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. கை தூக்கிய எனக்குக் கோபப்பட என்ன உரிமை என்பது அப்போது தோன்றவில்லை.

இனி உண்மையைச் சொல்லக்கூடியவர் அக்கா ஒருவர்தான். ஆனால் அந்தத் துண்டு நரியின் முகத்துக்கு எப்படி வந்தது என்று சொல்வதானால், பத்து வருசமாகச் சொன்ன பொய் முழுவதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஊர் சந்தேகப்பட்டுச் சிரிப்பது வேறு, தானே போய் ஓம் என்பது வேறு. கட்டைக் காலோடு தனியே இருக்கிற பெண்ணுக்கு அந்த மெசினை விட்டால் வேறு பிழைப்பும் இல்லை. மூன்று நாள் அவருடைய வீட்டில் மெசின் சத்தம் கேட்கவில்லை.

புதுக் காரியதரிசியைத் தெரிவு செய்யக் கூடிய நாளில், சங்கக் கட்டடத்து வாசலில் அவர் சாக்கோடு வந்து நின்றார். பெண்கள் அந்தப் படி ஏறியதில்லை. அவர் ஏறினார். ஒருவரையும் பார்க்காமல் நடந்து போய்த் தலைவரின் மேசையில் சாக்கைக் கவிழ்த்தார். பத்து வருசத்துத் துணியும் நாடக உடுப்புகளும் மேசை நிறைந்து நிலத்தில் விழுந்தன.

"இதெல்லாம் உங்கட துணி. மட்டுமட்டாய்ப் போச்செண்டு நான் சொன்னதெல்லாம் பொய்."

பிறகு ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். நரியின் துண்டு கொன்ஸ்ரன்ரைனின் நத்தார்ச் சேட்டில் மிஞ்சியது. நிறம் பொருந்தியது, எடுத்துத் தைத்தேன், அந்த மனுசனைப் பற்றி நினைக்கவே இல்லை என்றார். காகத்தின் கறுப்பைத் தூக்கிப் பிடித்தார். அது சுவாமியாரின் அங்கியில் வெட்டியது. கழுதையின் சாம்பல் துண்டை எடுத்தார். அது மகளின் கலியாணத்துக்குத் தலைவர் தைப்பித்த கோட்டில் மிஞ்சியது. ஒருவன் சிரிக்கத் தொடங்கிவிட்டு, சம்மாட்டியின் முகத்தைக் கண்டதும் இருமினான்.

"துணியை வைச்சு ஆளைப் பிடிக்கிறதெண்டா, எல்லாரையும் பிடியுங்கோ," என்றார் அக்கா.

 பின்னால் இருந்து யாரோ, பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, ஆடுகளுக்கு யாருடைய துணி என்று கேட்டான்.

"கோதுமை மாப் பை. அது எல்லாற்ற வீட்டிலயும் கிடக்கு. நரி ஆரெண்டு ஊரெல்லாம் கதைச்சீங்கள். ஆடு ஆரெண்டு மட்டும் ஒருத்தரும் என்னட்டக் கேக்கேல்லை."

எங்கள் வீட்டுத் தலையணை உறை முழுக்க மாப் பை. அம்மாவின் உள்பாவாடையில் அந்த நீல எழுத்து எத்தனை துவைத்தாலும் போகாது. இருந்த முப்பது நாற்பது பேரில் அந்தத் துணி படாத உடம்பு ஒன்றும் இருந்திருக்காது. ஐந்து ஆடுகள் மேடையில் நின்று ஓம் போட்டதை ஊர் முழுக்கப் பார்த்தது. ஒருவரும் அதில் தங்களைக் காணவில்லை. ஆட்டின் உடுப்புக்குள்ளேயே நின்ற நானும் காணவில்லை.

கழுதை விசயம் அருளப்பு சம்மாட்டியைச் சுட்டிருக்கவேண்டும். அவர் கேட்டார்:

"எல்லாற்ற துணியிலயும் தைச்சீர். உம்மட துணி எதில கிடக்கு?"

அக்கா மேசையைப் பார்த்தார். அந்தக் குவியலில் அவருடைய துண்டு ஒன்றுகூட இல்லை. சாக்கையும் எடுக்காமல் படி இறங்கிப் போனார்.

அன்றைக்குப் புதுக் காரியதரிசியைத் தெரிவு செய்யவில்லை. திறப்புக் கோர்வையை இரண்டு பேர் கொன்ஸ்ரன்ரைன் அண்ணர் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். வாடிக்குப் போன மூன்று குடும்பமும் வந்து வலையை எடுக்கட்டும், அதற்குப் பிறகு பார்ப்போம் என்று அவர் திருப்பி அனுப்பிவிட்டார். அவர்கள் ஆவணியில் வந்தார்கள், வலையை எடுத்தார்கள். அவர் சங்கக் கந்தோருக்கு வந்து தன் கதிரையில் இருந்தார். நாங்கள் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்பதற்குப் பதிலாக எல்லாரும் அளவுக்கு மிஞ்சிக் குசலம் விசாரித்தோம்.

அக்காவின் பாடுதான் கஷ்டமாகப் போனது. பெண்கள் தங்கள் தங்கள் துண்டுகளைச் சங்க மேசையில் பொறுக்கிக்கொண்டு போனார்கள். பிறகு தைக்க வந்தவர்கள், அவர் துணி வெட்டி முடிக்கும்வரை பக்கத்தில் நின்று கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தார்கள். நிற்க வேண்டாம், இருந்தே பாருங்கள் என்று அக்கா ஒரு மர வாங்கை இழுத்துப் போட்டார். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் இடம்பெயர்ந்து மடு முகாமில் இருந்தபோதும், மெசினுக்குப் பக்கத்தில் தைக்கத் தருகிறவர்கள் இருந்து பார்க்க ஒரு பெட்டியைக் கவிழ்த்து வைத்திருந்தார். எழுபத்தாறு வயதில் கண்ணை மூடும்வரை அந்த வழக்கத்தை விடவில்லை.

அந்த வாங்கில் இருக்காத ஒரே ஆள் கொன்ஸ்ரன்ரைன் அண்ணர். அந்த வருசம் நத்தாருக்கு வெள்ளைத் துணி ஒன்று கொண்டுவந்து மெசினில் வைத்துவிட்டுத் திரும்பினார். இருந்து பாருங்கள் என்று அக்கா சொன்னாராம். தனக்கு வேலை இருக்கிறது, மிச்சம் வந்தால் நீங்களே வைத்திருங்கள் என்றாராம். அக்கா இதை எனக்குச் சொன்னபோது அழுதார். அவர் அழுது நான் கண்டது அந்த ஒரு தடவைதான்.

அடுத்த தையில் பஸ்ரியன் வாத்தியாருக்கு மாற்றம் வந்தது. ஒருவரும் பெட்டிசம் எழுதவில்லை, அவருடைய முறை வந்தது, அவ்வளவுதான். நாடகக் கொப்பியைச் சுவாமியாரிடம் கொடுத்துவிட்டுப் போனார். திருநாளுக்கு அதையே திரும்பப் போடுவது என்று முடிவாயிற்று. நரியாக நடிக்க எட்டுப் பேர் அடிபட்டார்கள். கழுதைக்குக்கூட ஆள் கிடைத்தது. ஆட்டுக்கு மட்டும் ஒருவரும் இல்லை. ஒருவனுக்கு முதுகு வலி, ஒருவனுக்கு வலை வேலை, இன்னொருவன் நேராகவே, வேறு எது என்றாலும் செய்கிறேன், ஆடு வேண்டாம் என்றான். போன வருசம் ஒரு கூச்சமும் இல்லாமல் நின்ற ஐந்து பேரும் ஒளித்துத் திரிந்தோம்.

மூன்றாம் நாள் நாடகப் பழக்கத்துக்கு மாக்கிறட் அக்கா வந்தார். கையில் புதிதாகத் தைத்த ஆட்டு முகம் இருந்தது.

"ஒரு ஆட்டுக்கு நான் நிக்கிறன் சுவாமி. போன முறை எனக்கு ஒண்டும் தைக்கேல்லை."

எங்கள் மேடையில் அதுவரை பெண் ஏறியதில்லை. அரசிக்கும் மீசையை வழித்த ஆண்தான். சுவாமியார் நாடியைத் தடவினார். முகமூடிக்குள் யாரென்று எவருக்குத் தெரியப்போகிறது என்று கடைசியில் ஓம் பட்டார். அடுத்த நாள் கொன்ஸ்ரன்ரைன் அண்ணர் வந்து, தானும் ஒரு ஆடு என்றார். எனக்கு இன்னும் இரண்டு நாள் பிடித்தது. எனக்குப் பிறகு எவரும் வரவில்லை.

ஐந்து ஆடுகள் நிற்கவேண்டிய இடத்தில் அந்த வருசம் மூன்று ஆடுகள் நின்றன. முதலில் காலை இழுத்தபடி அக்கா, நடுவில் கொன்ஸ்ரன்ரைன் அண்ணர், கடைசியில் நான். மாப் பைக்குள் மூச்சு முட்டியது. முன்னால் இருந்த சனம் ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. புல்லை நான் காவல் காக்கட்டுமா என்று நரி கேட்டது. அக்காவின் முன்னங்கால் எழுந்தது. அண்ணரின் முன்னங்கால் எழுந்தது. என் கை எழவில்லை. அவருடைய பேனை அதற்கு நேரே வந்து நின்ற அந்தக் கணம் கண்ணுக்கு முன்னால் நின்றது. நரி திகைத்துப்போய் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது.

கொன்ஸ்ரன்ரைன் அண்ணர் முகமூடியைத் திருப்பாமலே, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"தூக்கும் தம்பி. இது நாடகந்தானே."

நான் கையைத் தூக்கி, ஓம் என்றேன்.